முப்பத்தெட்டில் முப்பத்தெட்டு இல்லை

சுட்டுமுடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே புது மருந்தும் குண்டும் அடைத்துக்கொள்ளும் பழக்கம் அமெரிக்காவில் பலருக்கு உண்டு. சிக்கனம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். கூடு பலமுறை உழைக்கும். மற்றவற்றில் பெரும்பாலும் குண்டுதான் கையைக் கடிக்கும். மலிவான குண்டு தேடிப் போகும் புதியவரைத் தடுமாற வைப்பது '38 ஸ்பெஷல்' என்ற தோட்டாவின் பெயர். 38 என்றால் 0.38 அங்குலம் என்றுதானே நினைப்போம்? அதற்குரிய குண்டின் விட்டமோ 0.357.

இந்த முரணின் வேர் ஒரு பழைய துப்பாக்கியில் இருக்கிறது. 1851இல் கோல்ட் நிறுவனம் கொண்டுவந்த 'நேவி' ரிவால்வரின் பெயரில் இருந்த எண் 36. குழலுக்குள் சுருள்வரி வெட்டுமுன் இருந்த துளையின் அளவு அது. அதில் இட்ட ஈய உருண்டை ஏறத்தாழ 0.375 அங்குலம், வரிகளின் பள்ளத்தையும் அடைக்க வேண்டுமே. 1870களில் உலோகத் தோட்டா பரவியதும் இந்தப் பழைய ரிவால்வர்களையே அதற்கேற்ப மாற்றினார்கள். அந்தத் தோட்டாவில் குண்டும் கூடும் வெளியே ஏறக்குறைய ஒரே பருமன். குண்டின் அடியை மட்டும் ஒடுக்கிக் கூட்டுக்குள் செருகியிருந்தார்கள். இரண்டுமே 0.38ஐ ஒட்டியவை. அன்றைக்குப் பெயரில் பொய் இல்லை.

தொல்லை கொழுப்பால் வந்தது. வெளியே நின்ற குண்டின் மேல் மசகாகப் பூசிய கொழுப்பில் தூசியும் மணலும் அப்பிக்கொண்டன. ஸ்மித் அண்ட் வெஸனிடம் 44 ரிவால்வர் வாங்கிய ரஷ்ய அரசு, கொழுப்புப் பூசிய பகுதி கூட்டுக்குள் அடங்க வேண்டும் என்று கேட்டது. அந்த வழியில் போன 44இன் குண்டு இன்று 0.429 அங்குலம். 38உம் பின்னாலேயே போனது. கூடு பழைய பருமனிலேயே நின்றது; அதன் சுவர்க் கனத்தைக் கழித்தால் மிஞ்சுவது 0.357. பழைய அகன்ற குழல்களுக்காக, சுடும்போது விரிந்துகொடுக்கும் குழிந்த அடியுள்ள ஈயக்குண்டு வந்தது. எண் மட்டும் மாறவில்லை. பழகிப்போன பெயரை மாற்ற எந்த வியாபாரிக்கு மனம் வரும்?

1898இல் வந்த 38 ஸ்பெஷலும் அந்தப் பெயரையே சுமந்தது. 1935இல் அதே குண்டை, சற்று நீண்ட கூட்டில், வீரியம் கூட்டி அடைத்தபோதுதான் மெய்யான அளவு பெயரில் ஏறியது: 357 மேக்னம். மேக்னம் என்பது பெரிய ஷாம்பெயின் பாட்டிலின் பெயர். ஆக, பாதி அளவுகோல், பாதி மதுக்கடை ஜம்பம்.

வாங்குபவர் பார்க்க வேண்டியது பெட்டியில் அச்சிட்ட தசம எண்ணைத்தான். செம்பு போர்த்தியது 0.357; வார்ப்பு ஈயம் பொதுவாக 0.358. ஈயம்தான் மலிவு. ஏராளமாகத் தயாராகும் 9 எம்எம் குண்டு இன்னும் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அது 0.355. வித்தியாசம் ஒரு தலைமயிரின் பருமன்தான். ஆனாலும் கூட்டின் வாய் அதை இறுகப் பிடிக்காமல் போகலாம், குறியும் சிதறலாம். '38 எஸ் அண்ட் டபிள்யூ' (ஸ்மித் அண்ட் வெஸனின் சுருக்கம்) என்று 1870களில் வந்த வேறொரு தோட்டாவும் உண்டு. பிரிட்டிஷ் ராணுவத்தின் என்ஃபீல்டு ரிவால்வர் சுட்டது அதன் வழிவந்த தோட்டாவைத்தான். அதற்கு 0.361.

எல்லாவற்றையும் மிஞ்சும் குழப்பம் 1908இல் வந்த 380 ஆட்டோ. பெயரில் ஒரு பூஜ்யம் கூடுதல், குண்டு மட்டும் 38 ஸ்பெஷலைவிடச் சிறியது. ஐரோப்பாவில் அதற்கு '9 எம்எம் குட்டை' என்று பெயர். 9 எம்எம்முக்கான 0.355 குண்டில் எடை குறைந்தவற்றை அதற்கு வாங்கலாம்.