வன்தட்டு ஒருங்கிணைத்தல்

வன்தட்டு ஒருங்கிணைத்தல் என்பது கணினியின் வன்தட்டில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை நகர்த்தி, ஒவ்வொரு கோப்பும் இயன்றவரை தொடர்ச்சியான ஓரிடத்தில் அமையுமாறு மாற்றியமைக்கும் செயலாகும். இது ஆங்கில வழக்கை ஒட்டி டிஃபிராக்மென்டேசன் எனவும், பேச்சு வழக்கில் சுருக்கமாக டிஃபிராக் எனவும் அழைக்கப்படுகின்றது.

ஒருங்கிணைத்தலால் கோப்புகளைப் படிக்கும் நேரம் குறையும். வன்தட்டில் உள்ள வெற்றிடத்தின் அளவு கூடாது. வெற்றிடத்தைக் கூட்டுவதற்குத் தேவையற்ற கோப்புகளை அழிக்க வேண்டும். இவை இரண்டும் வெவ்வேறு செயல்கள் எனினும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. போதிய வெற்றிடம் இல்லாத வன்தட்டை ஒருங்கிணைப்பது கடினம். அதுபோலவே, நிரம்பும் நிலையில் உள்ள வன்தட்டில் புதிய கோப்புகள் எளிதில் துண்டாகின்றன. மேலும், தவறுதலாக அழிக்கப்பட்ட கோப்பை மீட்கும் வாய்ப்பை ஒருங்கிணைத்தல் பெரிதும் குறைத்துவிடும். ஆகவே இச்செயல்களை எந்த வரிசையில் செய்வது என்பது முக்கியமானது.

வன்தட்டின் அமைப்பு

வன்தட்டின் உள்ளே காந்தப்பொருள் பூசப்பட்ட ஒன்று அல்லது பல வட்டத் தட்டுகள் ஓர் அச்சில் சுழல்கின்றன. வீட்டுக் கணினிகளில் பயன்படும் வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்பவை. படித்து எழுதும் முனை ஒன்று தட்டின் மேற்பரப்பை ஒட்டி, அதைத் தொடாமல், உள்ளும் புறமும் நகர்கின்றது. தட்டின் பரப்பு வட்ட வடிவத் தடங்களாகவும், ஒவ்வொரு தடமும் வட்டக்கூறுகளாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு வட்டக்கூற்றின் அளவு நெடுங்காலம் 512 பைட்டுகளாக இருந்தது. 2010 ஆம் ஆண்டையொட்டி 4096 பைட்டு வட்டக்கூறுகள் கொண்ட வன்தட்டுகள் பரவலாயின.

இயங்குதளம் வட்டக்கூறுகளைத் தனித்தனியாகக் கையாள்வதில்லை. அவற்றைக் கொத்துகளாகச் சேர்த்தே கோப்புகளுக்கு ஒதுக்குகின்றது. விண்டோஸ் இயங்குதளத்தின் என்டிஎஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு கொத்தின் இயல்பான அளவு 4 கிலோபைட்டு ஆகும். ஒரே ஓர் எழுத்து மட்டும் கொண்ட கோப்புக்கும் ஒரு முழுக் கொத்து ஒதுக்கப்படலாம். 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட பிரிவுகளில் ஃபேட்32 முறைமையின் கொத்து 32 கிலோபைட்டு அளவுடையது. ஆதலால் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைச் சேமிக்கும்போது அம்முறைமையில் மிகுந்த இடம் வீணாகும்.

கோப்புகள் துண்டாதல்

எளிய கோப்பு முறைமை ஒன்றில் துண்டாதல் நிகழும் விதத்தைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம்.

1. கொத்து 1 முதல் 3 வரை ஒரு கடிதமும், 4 மற்றும் 5 இல் ஒரு படமும், 6 முதல் 9 வரை ஒரு பாடலும் சேமிக்கப்பட்டுள்ளன. 10 ஆவது கொத்து முதல் வெற்றிடம்.
2. படம் அழிக்கப்படுகின்றது. கொத்து 4, 5 ஆகியன வெற்றிடமாகின்றன.
3. நான்கு கொத்துகள் தேவைப்படும் புதிய கோப்பு ஒன்று சேமிக்கப்படுகின்றது. அதன் முதற்பாதி 4, 5 ஆகிய கொத்துகளிலும், மறுபாதி 10, 11 ஆகிய கொத்துகளிலும் எழுதப்படுகின்றது.

புதிய கோப்பு இப்பொழுது இரண்டு துண்டுகளாக உள்ளது. பயனருக்கு அது ஒரே கோப்பாகவே தோன்றும். துண்டுகள் இருக்கும் இடங்களைக் கோப்பு முறைமை தன் அட்டவணையில் குறித்து வைத்திருப்பதே இதற்குக் காரணம். இணைய உலாவிகளின் தற்காலிகக் கோப்புகள், மின்னஞ்சல் தொகுப்புகள், பதிவுக் கோப்புகள் போன்று அடிக்கடி அழிந்தும் சிறிது சிறிதாக வளர்ந்தும் வரும் கோப்புகளே அதிகம் துண்டாகின்றன. வெற்றிடம் குறையக் குறைய நீண்ட தொடர்ச்சியான இடங்கள் அரிதாகி, துண்டாதல் விரைவடையும்.

வேகத்தில் ஏற்படும் விளைவு

நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகின்றது. எனவே தேவையான வட்டக்கூறு முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக 4.2 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்திற்கு நகர்வதற்கு இவ்வகை வன்தட்டுகளில் சராசரியாக 9 மில்லிநொடி அளவில் தேவைப்படும். ஆகவே வட்டின் வேறொரு பகுதியில் உள்ள துண்டைத் தேடிச் செல்லும் ஒவ்வொரு முறையும் சுமார் 13 மில்லிநொடி செலவாகும்.

நொடிக்கு 50 மெகாபைட்டு படிக்கவல்ல வன்தட்டில் 10 மெகாபைட்டு கோப்பு ஒன்று தொடர்ச்சியாக இருந்தால் அதனை 0.2 நொடியில் படித்துவிடலாம். அதே கோப்பு தொலைவான 200 துண்டுகளாகச் சிதறியிருந்தால் தேடுவதற்கு மட்டும் 2.6 நொடி கூடுதலாகும். துண்டுகள் அருகருகே இருந்தால் இழப்பு இதனினும் குறைவு. பெரிய கோப்பொன்று நான்கைந்து துண்டுகளாக இருப்பதால் குறிப்பிடத்தக்க தாமதம் ஏற்படாது.

கணினி மெதுவாக இயங்குவதற்குத் துண்டாதல் மட்டுமே காரணமன்று. முதன்மை நினைவகம் போதாமை, கணினி தொடங்கும்போதே இயங்கும் மிகையான நிரல்கள், நச்சுநிரல்கள், பழுதடையத் தொடங்கிய வன்தட்டு ஆகியனவும் காரணமாகலாம். இவற்றுக்கு ஒருங்கிணைத்தல் தீர்வாகாது.

வெற்றிடத்தைக் கூட்டுதல்

வன்தட்டின் மேலுறையில் குறிப்பிடப்படும் கொள்ளளவும் கணினி காட்டும் கொள்ளளவும் வேறுபடுவது இயல்பு. தயாரிப்பாளர்கள் ஒரு கிகாபைட்டை நூறு கோடி பைட்டுகளாகக் கணக்கிடுகின்றனர். விண்டோஸ் அதனை 1,07,37,41,824 பைட்டுகளாகக் கொள்கின்றது. எனவே 80 கிகாபைட்டு வன்தட்டு 74.5 எனவும், 500 கிகாபைட்டு வன்தட்டு 465 எனவும் காட்டப்படும். இந்த வேறுபாடு இழந்த இடமன்று. அதனை மீட்கவும் இயலாது.

உண்மையில் இடத்தை நிரப்பி, விடுவிக்கக்கூடியவை வருமாறு:

* மறுசுழற்சித் தொட்டி: அழித்த கோப்புகள் இங்கே இருக்கும் வரை அவற்றின் இடம் விடுபடுவதில்லை. விண்டோஸ் எக்ஸ்பியில் இத்தொட்டிக்கு இயல்பாக வன்தட்டின் 10 விழுக்காடு வரை ஒதுக்கப்பட்டிருந்தது.
* தற்காலிகக் கோப்புகள்: நிறுவல் நிரல்களும் உலாவிகளும் விட்டுச்செல்பவை.
* மீட்டமைப்புப் புள்ளிகள்: எக்ஸ்பியில் இவை வன்தட்டின் 12 விழுக்காடு வரை எடுத்துக்கொண்டன. அண்மையப் புள்ளி ஒன்றை விட்டுவிட்டுப் பழையனவற்றை நீக்கலாம்.
* உறக்கநிலைக் கோப்பு: கணினியை உறக்கநிலைக்குக் கொண்டு செல்லும்போது நினைவகத்தின் உள்ளடக்கம் இதில் எழுதப்படுகின்றது. எக்ஸ்பியில் இதன் அளவு முதன்மை நினைவகத்தின் அளவுக்கு ஈடானது. உறக்கநிலையைப் பயன்படுத்தாதவர்கள் அவ்வசதியை முடக்கினால் இக்கோப்பு நீங்கும்.
* முந்தைய இயங்குதளத்தின் கோப்புகள்: விண்டோஸின் புதிய பதிப்புக்கு மாறும்போது பழையது தனிக் கோப்புறை ஒன்றில் வைக்கப்படுகின்றது. இதனை நீக்கினால் பழைய பதிப்புக்குத் திரும்ப முடியாது.
* பயன்படுத்தாத மென்பொருட்கள்: இவற்றின் கோப்புறையை நேரடியாக அழிக்காமல், நிறுவல் நீக்கும் வசதி வழியாகவே நீக்க வேண்டும்.

இவற்றுட் பலவற்றை நீக்குவதற்கு விண்டோஸ் 98 முதல் டிஸ்க் கிளீனப் என்னும் கருவி விண்டோஸுடன் வழங்கப்பட்டு வந்தது. 2017 இல் விண்டோஸ் 10 இன் இற்றைப்படுத்தல் ஒன்றில் ஸ்டோரேஜ் சென்ஸ் என்னும் வசதி அறிமுகமானது. இத்தகைய கருவிகள் நீக்கும் கோப்புகள் மறுசுழற்சித் தொட்டிக்குச் செல்வதில்லை. எனவே பட்டியலில் உள்ள ஒவ்வொன்றும் என்ன என்பதை அறிந்த பின்னரே குறியிட வேண்டும். விண்டோஸ் 10 இன் 1809 ஆம் பதிப்பில் டிஸ்க் கிளீனப் பட்டியலில் பயனரின் பதிவிறக்கக் கோப்புறையும் சேர்க்கப்பட்டது. அனைத்தையும் குறியிட்டு நீக்குவதை வழக்கமாகக் கொண்டவர்கள் தம் சொந்தக் கோப்புகளை இழக்க இது வழிவகுத்தது. 2020 இல் வெளியான 2004 ஆம் பதிப்பில் அது பட்டியலிலிருந்து அகற்றப்பட்டது.

விண்டோஸ் கோப்புறையின் உள்ளே இருப்பவற்றைப் பெயர் விளங்கவில்லை என்பதற்காக அழிக்கக் கூடாது. குறிப்பாக வின்எஸ்எக்ஸ்எஸ் என்னும் கோப்புறை பார்வைக்கு மிகப் பெரியதாகத் தோன்றும். ஆயினும் அதிலுள்ள பல கோப்புகள் வேறு கோப்புறைகளிலும் காட்டப்படும் அதே கோப்புகளே. அதனைக் கையால் அழித்தால் கணினி தொடங்காமற் போகலாம்.

அழித்த கோப்புகளும் ஒருங்கிணைத்தலும்

ஒரு கோப்பு அழிக்கப்படும்போது அதன் உள்ளடக்கம் வன்தட்டிலிருந்து உடனே மறைந்துவிடுவதில்லை. அதன் இடம் வெற்றிடம் என்று மட்டுமே குறிக்கப்படுகின்றது. ஃபேட் முறைமையில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் ஒரு குறி இடப்படும். இதனாலேயே 1991 இல் வெளியான எம்எஸ்-டாஸ் 5.0 இன் அன்டிலீட் நிரல், அழித்த கோப்பை மீட்கும்போது பெயரின் முதல் எழுத்தைப் பயனரிடம் கேட்டது.

அவ்விடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை கோப்பை மீட்கும் வாய்ப்பு உண்டு. ஒருங்கிணைக்கும் நிரலோ கோப்புகளை வெற்றிடங்களுக்கு நகர்த்தியே வேலை செய்கின்றது. எனவே அழித்த கோப்பின் எச்சங்கள் மேலெழுதப்பட்டு, மீட்பு மென்பொருட்களாலும் மீட்க இயலாத நிலை ஏற்படலாம். குடும்ப ஒளிப்படங்கள், ஆய்வேடுகள் போன்ற முக்கிய கோப்புகள் அண்மையில் தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தால், அவற்றை மீட்கும் வரை அவ்வன்தட்டில் ஒருங்கிணைத்தலையோ புதிய மென்பொருள் நிறுவுவதையோ தவிர்க்க வேண்டும்.

செய்முறை

சுழலும் வன்தட்டு உள்ள வீட்டுக் கணினிக்குப் பின்வரும் வரிசை ஏற்றது.

1. முக்கிய கோப்புகளை வேறொரு சேமிப்பகத்தில் படியெடுத்தல்.
2. செக் டிஸ்க் போன்ற சோதனை நிரலால் கோப்பு முறைமையின் பிழைகளைச் சரிபார்த்தல். வன்தட்டிலிருந்து வழக்கத்துக்கு மாறான ஒலி எழுந்தாலோ, பழுதான வட்டக்கூறுகள் பெருகினாலோ, ஒருங்கிணைத்தலைக் கைவிட்டு வன்தட்டை மாற்ற வேண்டும். பல மணி நேரம் ஓயாது படித்து எழுதுவது பழுதை விரைவுபடுத்தக்கூடும்.
3. தேவையற்ற கோப்புகளையும் மென்பொருட்களையும் நீக்குதல்.
4. துண்டாதலின் அளவை ஆராய்ந்து, தேவைப்பட்டால் மட்டும் ஒருங்கிணைத்தல்.

எக்ஸ்பியின் ஒருங்கிணைக்கும் கருவி முழுமையாக இயங்குவதற்கு அப்பிரிவில் குறைந்தது 15 விழுக்காடு வெற்றிடம் வேண்டும். வேறு நிரல்கள் கோப்புகளை மாற்றிக்கொண்டிருந்தால் பணி நீளும் என்பதால் அவற்றை மூடிவிடுவது நல்லது. என்டிஎஃப்எஸ் முறைமை தன் மாற்றங்களைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வதால் இடையில் மின்தடை ஏற்பட்டாலும் பெரும்பாலும் கோப்புகள் சிதையா. எனினும் படியெடுத்து வைத்திருப்பதே உறுதியான பாதுகாப்பாகும். பக்கக் கோப்பு போன்று எப்போதும் பயன்பாட்டில் இருக்கும் சிலவற்றை விண்டோஸ் இயங்கும்போது நகர்த்த முடியாது.

வரலாறு

1993 இல் வெளியான எம்எஸ்-டாஸ் 6.0 இல் சைமன்டெக் நிறுவனத்திடம் உரிமம் பெற்ற டிஃபிராக் நிரல் சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 95 இலும் இவ்வசதி இருந்தது. 1996 இல் வெளியான விண்டோஸ் என்டி 4.0 இல் ஒருங்கிணைக்கும் கருவி இல்லை. ஆயினும் பிற நிறுவனங்கள் அத்தகைய கருவியை எழுதுவதற்கான இடைமுகம் அதில் இருந்தது. விண்டோஸ் 2000 இல் சேர்க்கப்பட்ட கருவி எக்சிகியூட்டிவ் சாஃப்ட்வேர் நிறுவனத்தின் டிஸ்க்கீப்பரை அடிப்படையாகக் கொண்டது.

பழைய கருவிகள் வண்ணக் கட்டங்களாலோ பட்டைகளாலோ பணியின் போக்கைக் காட்டின. 2007 இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் இக்காட்சி நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாக வாரம் ஒருமுறை, புதன்கிழமை பின்னிரவு 1 மணிக்கு, தானாக இயங்குமாறு அமைக்கப்பட்டது. 64 மெகாபைட்டுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒன்றிணைப்பதால் பயன் குறைவு என்பதால் அவை இயல்பாக விட்டுவிடப்பட்டன. 2012 இல் வெளியான விண்டோஸ் 8 இல் இக்கருவியின் பெயர் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் என மாற்றப்பட்டது.

பிற இயங்குதளங்கள்

ஆப்பிளின் மேக் ஓஎஸ் எக்ஸ் 10.3 பதிப்பு, 2003 முதல், 20 மெகாபைட்டுக்குக் குறைவான கோப்பு எட்டுத் துண்டுகளுக்கு மேற்பட்டிருந்தால் அதனைத் திறக்கும்போதே ஒருங்கிணைத்தது. லினக்ஸின் எக்ஸ்ட்4 முறைமை, கோப்புகளுக்கு இடம் ஒதுக்குவதைச் சற்றுத் தாமதித்து, முழு அளவு தெரிந்த பின் தொடர்ச்சியான இடத்தைத் தேடுகின்றது. ஆதலால் துண்டாதல் குறைவு. தேவைப்படும்போது பயன்படுத்த இ4டிஃபிராக் என்னும் நிரலும் உண்டு.

திண்மநிலைச் சேமிப்பகங்கள்

எஸ்எஸ்டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகங்களில் சுழலும் தட்டோ நகரும் முனையோ இல்லை. எந்த இடத்திலுள்ள தரவையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் படிக்க முடிவதால், மேலே கணக்கிட்ட 13 மில்லிநொடி இழப்பு இவற்றில் இல்லை. மேலும், இவற்றின் நினைவகக் கலங்களை எத்தனை முறை அழித்து எழுதலாம் என்பதற்கு வரம்பு உண்டு. முழுமையாக ஒருங்கிணைப்பது பயன் தராமல் அவ்வரம்பை வீணே செலவழிக்கும்.

இவற்றுக்கு டிரிம் என்னும் கட்டளை பயன்படுகின்றது. எந்தெந்த இடங்களில் இருந்த கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்பதை இயங்குதளம் இதன் வழியாகச் சேமிப்பகத்துக்குத் தெரிவிக்கின்றது. 2009 இல் வெளியான விண்டோஸ் 7 இக்கட்டளையை ஆதரித்தது. விண்டோஸ் 8 முதல் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் கருவியே சேமிப்பகத்தின் வகையை அறிந்து, எஸ்எஸ்டி எனில் டிரிம் கட்டளையை அனுப்புகின்றது. டிரிம் செய்யப்பட்ட இடத்தில் இருந்த கோப்புகளை மீட்பது பெரும்பாலும் இயலாது. எனவே எஸ்எஸ்டி உள்ள கணினிகளில், அழிக்கும் முன் படியெடுத்து வைப்பது மேலும் இன்றியமையாததாகின்றது.