செஞ்சித் தூண்கள் (புதுச்சேரி)

செஞ்சித் தூண்கள் என்பவை புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சூழ நிற்கும் எட்டுக் கருங்கல் தூண்கள் ஆகும். இவை விழுப்புரம் மாவட்டத்தின் செஞ்சிக் கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரரால் கொண்டுவரப்பட்டவை.

மூல இடம்

செஞ்சியின் கீழ்க்கோட்டையில் உள்ள வேங்கடரமணர் கோயில் 16ஆம் நூற்றாண்டில், நாயக்கர் காலத்தில் கட்டப்பட்டது. இதன் உயரமான ஒற்றைக்கல் தூண்கள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்ட கோபுர வாயில் இன்றும் அங்கு உள்ளது.

இடமாற்றம்

1750 செப்டம்பரில் புசி தலைமையிலான பிரெஞ்சுப் படை செஞ்சியைக் கைப்பற்றியது. 1761இல் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று. புதுச்சேரியிலிருந்து வடக்கே பொம்மையார்பாளையம், மரக்காணம் வரையிலான கடற்கரை மணலும் செம்மண்ணும் உடையது. பெருந்தூண்களுக்கு ஏற்ற கருங்கல் செஞ்சிக் குன்றுகளில் கிடைப்பதாகும். எனினும் தூண்கள் குன்றிலிருந்து புதிதாக வெட்டப்படவில்லை, கோயிலிலிருந்தே எடுக்கப்பட்டன.

பிற்காலப் பயன்பாடு

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்கு (பதவிக்காலம் 1742–1754) 1870இல் புதுச்சேரியில் சிலை எழுப்பப்பட்டது. அதன் பீடத்திலும் செஞ்சிக் கோயில் கற்கள் இடம்பெற்றன. தூண்கள் சிலையைச் சூழ நிறுத்தப்பட்டன. 1954இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றது. பின்னர் டூப்ளே சிலை கடற்கரையின் தென்பகுதிக்கு மாற்றப்பட்டது. தூண்களின் நடுவே காந்தி சிலை அமைந்தது. இவ்வாறு இறைவனின் மண்டபத்தைத் தாங்கியவை முதலில் வென்றவரின் நினைவுக்கும், பிறகு விடுதலையின் நினைவுக்கும் அணியாயின.

ஒப்பீடு

வென்ற நாட்டின் கற்றூண்களைத் தலைநகரில் நிறுத்தும் வழக்கம் தொன்மையானது. எகிப்தைக் கைப்பற்றிய உரோமைப் பேரரசர் அகசுத்தசு, கி.மு. 10இல் எலியோப்பொலிசிலிருந்து ஊசிமுனைத் தூண் ஒன்றை உரோமுக்குக் கொண்டுவந்தார். எகிப்து உரோமையர் ஆட்சிக்கு உட்பட்டதை அதன் பீடத்தில் பொறித்தார். கி.பி. 357இல் இரண்டாம் கான்சுடான்டியசு நிறுவிய தூண் ஏறத்தாழ 32 மீட்டர் உயரமானது. அது இன்று இலாத்தரன் சதுக்கத்தில் உள்ளது. எகிப்தியத் தூண்கள் தம்மீதுள்ள சித்திர எழுத்துகளால் தம்மை நிறுவிய மன்னர்களை அறிவிக்கின்றன. செஞ்சித் தூண்களுக்கோ, அவற்றின் சிற்ப வேலைப்பாடே பிறப்பிடத்தின் சான்றாகும்.

இன்றைய நிலை

2025 சூலையில் செஞ்சிக் கோட்டை, மராத்தியப் படைத்துறை நிலத்தோற்றங்களின் ஒரு பகுதியாக யுனெசுக்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கோயிலின் எஞ்சிய பகுதி கோட்டைக்குள் உள்ளது. அதன் தூண்களைக் காண விரும்புவோர் புதுச்சேரிக்குச் செல்ல வேண்டும்.