மைனஸ் ஒன்று

போன வருசம் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒன்லைனில தோடு வித்தனாங்கள். "கொக்கி இரண்டு நாளில கறுத்துப் போச்சு" எண்டு ஒரு அக்கா படத்தோட கொமென்ட் போட்டா. நாங்கள் செய்த முதல் வேலை, அதை அழிச்சதுதான். வாங்குபவரின் குறையை விற்பவர் என்ன செய்வது என்ற இந்தப் பிரச்சினைக்கு ஒரு வரலாறு இருக்கு.

1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் கலிபோர்னியாவில் தொடங்கிய ஏலத் தளம்தான் பிறகு ஈபே ஆனது. முகம் தெரியாத ஆளுக்குக் காசை அனுப்பிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருக்க வேண்டும். சண்டை வந்தால் இரண்டு பக்கமும் ஒமிட்யாருக்கே முறைப்பாடு எழுதின. ஒரு ஆள் எத்தனை சண்டையைத் தீர்க்கிறது? 1996 பெப்ரவரியில் அவர் அந்த வேலையைச் சனத்திட்டயே குடுத்திட்டார். நல்லதுக்கு +1, நடுநிலைக்கு 0, கெட்டதுக்கு -1. பாராட்டோ குறையோ, எல்லாருக்கும் தெரியச் சொல்லுங்கோ என்பதுதான் ஏற்பாடு.

ஆனால் வாங்குபவர் விற்பவருக்குப் புள்ளி போடலாம் என்றால், விற்பவரும் வாங்குபவருக்குப் போடலாம். அங்கேதான் சிக்கல். நீ எனக்கு -1 போட்டால் நானும் உனக்கு -1. இந்தப் பயத்தில் பலர் உடைந்த சாமான் வந்தாலும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் சம்மதித்தால் புள்ளிகளைத் திரும்பப் பெறலாம் என்றும் ஒரு வழி இருந்தது. அதையும் சில விற்பவர்கள் ஆயுதமாக்கினார்கள்: முதலில் பழிக்கு ஒரு -1, பிறகு "நீ எடு, நானும் எடுக்கிறன்" என்ற பேரம். வெளியில் பார்த்தால் தளம் முழுக்க ஒரே பாராட்டு மழை. அந்தப் பாராட்டில் எவ்வளவு பயம் கலந்திருந்தது என்று யாரால் சொல்ல முடியும்?

2008 மே மாதத்திலிருந்து விற்பவர்கள் வாங்குபவருக்குக் கெட்ட புள்ளி போடவே முடியாது என்று ஈபே நிறுத்தியது. மாற்றங்கள் அறிவிக்கப்பட்டதுமே, பெப்ரவரியில் விற்பவர்கள் ஒரு கிழமை பகிஷ்கரிப்பு நடத்தினார்கள். அவர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கு. ஏலத்தில் வென்றுபோட்டுக் காசு கட்டாமல் ஒளிக்கிற ஆட்களும் இருந்தவைதானே. இருந்தாலும் அந்த முடிவு சரி என்றே நாங்கள் நினைக்கிறோம். குறைக்குக் கீழே பதில் எழுதும் இடம் விற்பவருக்கு மிச்சம் இருந்தது. அந்தப் பதிலை அடுத்ததாக வாங்க வருபவரும் வாசிப்பார்.

எங்களுக்கும் அந்த இடம் இருந்தது. அக்காவுக்குப் பிறகு புதுக் கொக்கி அனுப்பினாங்கள். அவ வாங்கிக்கொண்டு, "அதை ஏன் அழிச்சனீங்கள்?" எண்டு மட்டும் கேட்டா.