டைலோசின் தந்த பாடம்

1995இல் டென்மார்க் அவோபார்சினைத் தடை செய்தது. கோழியும் பன்றியும் சீக்கிரம் எடை கூடுவதற்காகத் தீவனத்தில் கலந்த மருந்து அது, நோய்க்குக் கொடுத்ததல்ல. மருத்துவமனைகள் கைவசம் வைத்திருக்கும் கடைசி ஆயுதங்களில் ஒன்றான வான்கோமைசினுக்கு அது நெருங்கிய உறவு. ஒன்றுக்கு மசியாத குடல் பாக்டீரியா மற்றதற்கும் மசியாது.

கறிக்கோழிகளில் எதிர்பார்த்தது நடந்தது. என்டெரோகாக்கஸ் ஃபீசியம் என்ற குடல் பாக்டீரியாவின் மாதிரிகளில் 1995இல் ஏறத்தாழ 73 விழுக்காடாக இருந்த வான்கோமைசின் எதிர்ப்பு, 2000இல் 6 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. பன்றிகளில் மட்டும் அது சில ஆண்டுகள் அசையவே இல்லை. தடையை மீறி யாரும் அவோபார்சின் போட்டார்களா? இல்லை. குற்றவாளி வேறொரு மருந்து: டைலோசின். இரண்டுக்குமான எதிர்ப்பு மரபணுக்கள் ஒரே பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் இருக்கும் தனி டி.என்.ஏ. வளையம்), ஒரே மூட்டையில் கட்டிய சரக்குபோல் இருந்தன. தீவனத்தில் டைலோசின் தொடரும்வரை அந்த மூட்டையைச் சுமந்த பாக்டீரியாக்களே பிழைத்தன. 1998இலிருந்து டைலோசின் குறைந்த பிறகே பன்றிகளிலும் எண்ணிக்கை சரிந்தது.

ஆக, மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்யும் சட்டம் பாதி வேலையைத்தான் செய்கிறது. மொத்தப் பயன்பாட்டையும் அளக்காத நாட்டில், எந்தத் தடை எங்கே பலித்தது என்பதே தெரியாது.

எடைக்காகத் தீவனத்தில் கலந்த இத்தகைய வளர்ச்சி ஊக்கிகளை டென்மார்க் நிறுத்தியதும் பால் மறந்த பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு அதிகரித்தது, சிகிச்சை மருந்தும் கூடியது. விவசாயிகளின் இந்தப் புகார் உண்மை. ஒதுக்கித் தள்ள முடியாது. டென்மார்க் அதற்குத் தேடிய விடைதான் கவனிக்கத்தக்கது. 2000இல் தொடங்கிய வெட்ஸ்டாட் பதிவேட்டில், எந்தப் பண்ணைக்கு, எந்த வயது விலங்குக்கு, எவ்வளவு மருந்து போனது என்பது ஏறுகிறது. 2010இல் வந்த ‘மஞ்சள் அட்டை’ முறைப்படி, சராசரியைப்போல் இரு மடங்கு வாங்கிய பன்றிப் பண்ணைக்கு எச்சரிக்கை விடப்பட்டது. இதற்கெல்லாம் முன்பே கால்நடை மருத்துவர்கள் மருந்து விற்று அடையும் லாபத்துக்கு அரசு கடிவாளம் போட்டிருந்தது. எழுதித் தருபவரே விற்று லாபமும் பார்த்தால், சீட்டு நீளத்தானே செய்யும்!

இருந்தும் டென்மார்க் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிடவில்லை. குட்டிகளின் வயிற்றுப்போக்குக்கு அங்கே துத்தநாக ஆக்சைடு வாரியிறைக்கப்பட்டது. மெத்திசிலின் மருந்துக்கு அடங்காத ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு அதுவும் துணைபோனது. அதிக அளவில் அதைக் கொடுப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் நிற்க 2022 ஆயிற்று.

இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கான விலங்குகள், கோழிகள், மீன் வளர்ப்பு ஆகியவற்றில் கொலிஸ்டின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைத் தடை செய்தது. நல்ல முடிவு, தேவையான முடிவு. ஆனால் கொலிஸ்டினை விட்ட பண்ணை அதற்குப் பதில் எதை வாங்கியது என்ற கேள்விக்கு அந்த ஆணையில் விடை இல்லை. விடை பண்ணைகளின் மருந்து ரசீதுகளில் இருக்கிறது. அவற்றைக் கேட்டு வாங்கிப் பதியும் கடமையை அடுத்த சட்டம் எழுத வேண்டும்.