நெல்லை மாடியில் டாஃபோடில் பூக்குமா?

செப்டம்பர் பிறந்தால் போதும், மொபைலைத் திறந்தாலே மஞ்சள் மயம். டாஃபோடில் கிழங்கு விளம்பரங்கள் வரிசை கட்டி வந்துவிடுகின்றன. பள்ளிக்கூடத்தில் வேர்ட்ஸ்வொர்த் கவிதையை மனப்பாடம் செய்து ஒப்பித்தவர்களுக்கு, நேரில் பார்க்காமலேயே இந்தப் பூ மேல் ஒரு பாசம் உண்டு. 1802 ஏப்ரலில், இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் தங்கை டோரதியோடு நடந்தபோது அவர் பார்த்த பூக்கள் அவை. அந்தப் பாசத்தில்தான் போன வருஷம் நானும் ஐந்து கிழங்கு வாங்கி, ஐப்பசியில் மாடித் தொட்டியில் நட்டேன். பூண்டுத் தாள் மாதிரி இலை வந்தது. பூ வரவே இல்லை. கார்த்திகை மழையில் கிழங்கெல்லாம் அழுகி, மண்ணைக் கிளறினால் நாற்றம்தான் மிச்சம்.

தப்பு கிழங்கில் இல்லை. நம்ம ஊர் மார்கழியில் இருக்கிறது.

டாஃபோடிலின் பூ மொட்டு முந்தைய கோடையிலேயே கிழங்குக்குள் உருவாகிவிடும். ஆனால், அந்த மொட்டைத் தூக்கிக்கொண்டு தண்டு நீண்டு வெளியே வர, குளிர் வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 12 முதல் 16 வாரம். திருநெல்வேலி டவுணில் மார்கழி விடிகாலையில் நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர்கள் காதில் மஃப்ளர் சுற்றிக்கொள்வார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அப்போது தெர்மாமீட்டர் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். தமிழ்நாட்டில் உறைபனி இறங்கும் ஊட்டிப் பக்கம் வேண்டுமானால் இந்தச் செடிக்கு மனசு ஒத்துப்போகலாம். இந்தியாவில் டாஃபோடிலைக் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால், 2007-ல் திறக்கப்பட்ட ஸ்ரீநகர் துலிப் தோட்டத்துக்குப் போகலாம். வசந்தத்தில் துலிப்போடு இதுவும் அங்கே பூக்கிறது.

ஃபிரிட்ஜ் வைத்தியம்

குளிர் இல்லாத ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த வழி, ஃபிரிட்ஜ். கிழங்கை காகிதப் பையில் போட்டு காய்கறி டிரேயில் வைக்க வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். பக்கத்தில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது. பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு உள்ளே இருக்கும் மொட்டைக் கெடுத்துவிடும். செப்டம்பரில் வைத்தால்தான் டிசம்பர் நடுவில் எடுத்து நட முடியும். இது முக்கியம். நவம்பரில் வாங்கி வைத்து பிப்ரவரியில் நட்டால், பூ வரும் நேரத்தில் வெயில் வந்து முன்னாடி நிற்கும், மொட்டு காய்ந்துவிடும்.

நடும்போது, கிழங்கின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு ஆழம். மண்ணில் மணல் தாராளமாக இருக்கட்டும். காலை பத்து மணி வரை வெயில், அப்புறம் நிழல். இதெல்லாம் சரியாகச் செய்தாலும் எல்லாக் கிழங்கும் பூக்கும் என்று சொல்ல மாட்டேன். பூத்தாலும் அதோடு சரி. அடுத்த வருஷத்துக்கு இலை வெயிலில் நின்று மாவுச்சத்து சேர்க்க வேண்டும். நம்ம மாசி, பங்குனி வெயில் அதற்குள் இலையைக் கருக்கிவிடும். சாமந்திச் செடி வாங்குகிற மாதிரி, ஒரு சீஸனுக்கு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றமில்லை.

இன்னொன்று. 'டாஃபோடில் விதை' என்று பாக்கெட்டில் விற்பதை வாங்கிவிடாதீர்கள். விதையிலிருந்து பூ வர பல வருஷம் ஆகும், அதுவும் குளிர் நாட்டில். நீல நிற டாஃபோடில் படம் போட்டிருந்தால் யோசிக்கவே வேண்டாம், அப்படி ஒரு பூவே கிடையாது.

ஃபிரிட்ஜில் வைக்கும் பைமேல் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். உரித்த கிழங்கு அசல் வெங்காயம் மாதிரியே இருக்கும், உள்ளே லைகோரின் என்ற விஷம். 2009-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதிப் பள்ளி ஒன்றில், சமையல் வகுப்பில் செய்த சூப்பில் வெங்காயத்தோடு டாஃபோடில் கிழங்கும் கலந்துபோய், குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுவலி வந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குளிர வைத்தாலும் கொதிக்க வைத்தாலும் அது வெங்காயம் ஆகாது. இதில் ஒரு லாபம் உண்டு: இந்தக் கிழங்கை எலி தொடுவதில்லை.

குளிர் கேட்காத தங்கச்சி

டாஃபோடிலின் பேரினம் நார்சிசஸ். அதிலேயே குளிரே கேட்காத வகை ஒன்று இருக்கிறது: டசெட்டா. ஒரே தண்டில் கொத்தாகச் சின்னச் சின்னப் பூ, ஆளைத் தூக்கும் வாசம். வட இந்தியாவில் இதைத்தான் 'நர்கிஸ்' என்கிறார்கள். 'மதர் இந்தியா' நர்கிஸின் பெயர் இந்தப் பூவின் பாரசீகப் பெயர்தான். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் ஜாங்ஜோ பகுதியில் இதில் ஒரு வகையைப் பயிராகவே வளர்க்கிறார்கள். சீனப் புத்தாண்டுக்கு வீட்டில் தண்ணீர்த் தட்டில் பூக்க வைப்பது அங்கே வழக்கம்.

டசெட்டாவின் சொந்த ஊர் மத்தியதரைக் கடல் ஓரம். கோடையில் காய்ச்சல், குளிர்காலத்தில் மழை. நம்ம டவுண் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். குற்றாலத்தில் சாரல் அடிக்கும்போதுகூட இங்கே காற்று மட்டும்தான், மழை ஐப்பசி, கார்த்திகையில். மழைக் காலண்டர் பொருந்துகிறது, வெப்பம்தான் கூடுதல். அதனால் பூ வரும், ஆனால் தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிடும்.

கடையில் 'பேப்பர்வொயிட்' என்று கேட்டு வாங்குங்கள். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் கூழாங்கல் போட்டு (ஆற்றிலிருந்து அள்ள வேண்டாம், மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும்), கிழங்கைப் பாதி புதைகிற மாதிரி உட்கார வைத்து, அடிப்பாகத்தைத் தொட்டும் தொடாமலும் தண்ணீர் விட வேண்டும். கிழங்கு மூழ்கினால் அழுகும். வேர் பிடிக்கும்வரை வீட்டிலேயே குளுமையான மூலை, அப்புறம் காலை வெளிச்சம் விழும் ஜன்னல். நாலிலிருந்து ஆறு வாரத்தில் பூ. மார்கழி முதல் வாரம் வைத்தால் பொங்கலை ஒட்டிப் பார்க்கலாம்.

தண்டு சாயாமல் இருக்க அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு வழி சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். முளை இரண்டு அங்குலம் வந்ததும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சுமார் 5 சதவிகித ஆல்கஹால் கலந்த தண்ணீர் விட வேண்டும். 40 சதவிகித சாராயம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஏழு பங்கு. செடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குட்டையாகிறது, பூ குறைவதில்லை. பீர், ஒயின் ஆகாது, சர்க்கரை இருக்கிறது. "செடிக்குத்தான் அண்ணாச்சி வாங்குதேன்" என்று டாஸ்மாக் வாசலில் சொல்லிப் பாருங்கள், யார் நம்பப் போகிறார்கள்!

உள்ளூர்ச் சொந்தக்காரர்கள்

ஒவ்வொரு வருஷமும் கிழங்கு வாங்கக் கட்டுப்படியாகாது என்பவர்களுக்கு, அதே அமரில்லிஸ் குடும்பத்தில் நம்ம வெயிலுக்குப் பழகியவை இருக்கின்றன. விஷமூங்கில் எல்லோரும் பார்த்ததுதான். வெள்ளையாக, சிலந்திக்கால் மாதிரி பூ. இடம் நிறைய கேட்கும், மாடிக்கு ஒத்துவராது. தொட்டிக்கு ஹிப்பியாஸ்ட்ரம் நல்லது. நர்சரியில் அமரில்லிஸ் என்பார்கள், பெரிய எக்காளம் போன்ற பூ, கோடையில் வரும். அதற்கு முன் சில வாரம் தண்ணீரைக் குறைத்துக் காயப்போட்டால் போதும்.

வாசனைதான் வேண்டுமென்றால் சம்பங்கி. குடும்பம் வேறு, ஆனால் அதுவும் கிழங்குதான். பெங்களூரு இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் 'பிரஜ்வல்' ரகம் ஒற்றை அடுக்கு, மாலைக்கு ஏற்றது. ஆனி, ஆடியில் நட்டால் மழைக்காலத்தில் பூவெடுக்கலாம்.

மஞ்சள் நிறத்துக்கு என் ஓட்டு மழை லில்லிக்குத்தான். டாஃபோடிலின் எக்காளம் இதில் இல்லை, பூவும் விரல் நீளம்தான். பத்துக் கிழங்கு ஒரு சின்னத் தொட்டியில் அடங்கும், இரண்டு வருஷத்தில் தொட்டி நிறைந்து பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். கோடையில் மறந்தே போய்விடுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த நாலாவது நாள், காலையில் மாடிக்குப் போய்ப் பாருங்கள்.