பழைய டிரக்கும் புது என்ஜினும்: கலிஃபோர்னியா விதியின் வரலாறு

பழைய டிரக்கில் வேறு என்ஜின் பொருத்தக் கலிஃபோர்னியா விடுவதில்லை என்ற புகார் நெடுநாளாக உண்டு. வரலாறு அதை ஏற்கவில்லை. 1943இல் லாஸ் ஏஞ்சலஸை மூடிய, கண்ணெரிக்கும் புகைமூட்டத்தின் மூலத்தை 1950களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற வேதியியலாளர் விளக்கினார்: வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயிலில் ஓசோனாகின்றன. 1966இல் அமெரிக்காவின் முதல் வாகனப் புகை வரம்புகள் கலிஃபோர்னியாவில் வந்தன. 1984இல் ஸ்மாக் செக் என்ற வண்டிப் புகைச் சோதனை தொடங்கியது. தயாரிப்பாளரின் பொறுப்பு அதன்பின் வண்டிக்காரரின் பொறுப்பாகவும் ஆனது.

என்ஜின் மாற்ற விதி இந்த வரிசையில் வந்ததே. என்ஜின் வண்டியின் மாடல் ஆண்டைச் சேர்ந்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அந்த என்ஜினுக்குரிய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் முதலான புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் கூடவே வர வேண்டும். ரெஃப்ரீ எனப்படும் ஸ்மாக் செக் ஆய்வு நிலையம் பார்த்துச் சான்றளிக்கும். புகைக்குழாயில் வரும் புகையின் அளவு சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. டாங்கிலிருந்து ஆவியாகும் பெட்ரோல் குழாய் வழியே வருவதில்லை. ஒருநாள் அளவீடு ஆண்டு முழுவதற்கும் உறுதி தராது. செலவும் அலைச்சலும் உண்மைதான். ஆனாலும் இவ்விதி என்ஜின் மாற்றத்தைத் தடுக்கவில்லை. காற்றின் தரம் பின்னோக்கிப் போவதைத்தான் தடுக்கிறது. அது நியாயமான விதி.