வீடு மாத்துறதுன்னா எங்க பக்கம் வேற கதை

போன வாரம் சென்னையில இருக்கிற ஒரு நண்பர் வீடு மாறினார். பதினோரு மாச அக்ரிமெண்ட் முடிஞ்சுது, வாடகையை ஏத்திட்டாங்க, லாரி சொன்னாங்க, சாயங்காலம் புது வீட்டுல பால் காய்ச்சிட்டாங்க. "எங்க வேணா போகலாம், கேஸ் சிலிண்டரும் வைஃபையும் இருந்தா அதான் வீடு"ன்னு போன்ல சொன்னார். அதைக் கேட்டதிலேருந்து எங்க பக்கத்துல காலங்காலமா வீடு மாறினவங்க எல்லாம் ஞாபகத்துக்கு வந்துக்கிட்டே இருக்காங்க. அதைத்தான் எழுதறேன்.

எங்க பக்கம்னா மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் கிழக்கே. எனக்கு நிலம் கால்வாய்க்கு மேற்குப் பக்கம். அத்தையைக் கட்டிக் கொடுத்தது காட்டுப்பள்ளித் தீவுல. தீவுன்னதும் நடுக்கடல்ல இருக்கும்னு நினைச்சுடாதீங்க. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும், தெற்கே கொசஸ்தலை ஆறு கடல்ல சேர்ற எண்ணூர் முகத்துவாரம், வடக்கே பழவேற்காடு. நடுவுல நீளமா கிடக்குற மணல் திட்டுதான் காட்டுப்பள்ளி. இன்னைக்கு மேப்ல பார்த்தா துறைமுகம், மின்நிலையம், கடல்நீரைக் குடிநீராக்குற ஆலைதான் கண்ணுக்குத் தெரியும். மணலும் சவுக்குத் தோப்பும் தெரியணும்னா கொஞ்சம் பெருசாக்கிப் பார்க்கணும்.

இங்க பெரிய அளவுல வீடு மாறினவங்கள்ல டச்சுக்காரங்களும் உண்டு. 1600-களின் தொடக்கத்துல பழவேற்காட்டுல வந்து இறங்குனாங்க. 1613-ல கெல்டிரியா கோட்டையைக் கட்டினாங்க. சோழமண்டலக் கரைக்கே அவங்க தலைமை இடம் இதுதான். நாணயச் சாலை, வெடிமருந்துத் தொழிற்சாலை, துணி வியாபாரம்னு மெட்ராஸ் பொறக்குறதுக்கு முன்னாடியே இது பெரிய ஊர். 1690-ல தலைமை இடத்தை நாகப்பட்டினத்துக்கு மாத்துனாங்க. கணக்குப் புத்தகம், கஜானா, அதிகாரி எல்லாம் கப்பல் ஏறிப் போச்சு. நாகப்பட்டினம் 1781-ல இங்கிலீஷ்காரன் கைக்குப் போனதும் மறுபடி பழவேற்காட்டுக்கே வந்தாங்க. கடைசியில 1825-ல மொத்தமா விட்டுட்டுப் போனாங்க. எடுத்துட்டுப் போக முடியாத ஒண்ணு மட்டும் இங்கயே இருக்கு: கல்லறைகள். வாசல்ல ரெண்டு எலும்புக்கூட்டைச் செதுக்கி வச்சிருப்பாங்க. தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கு. வாரக்கடைசியில வர்றவங்க அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க.

அந்த போட்டோவுல வராத கதை ஒண்ணு உண்டு. டச்சுக்காரங்க பழவேற்காட்டுலேருந்து துணி மட்டும் ஏத்தல. பஞ்சம் வந்த வருஷங்கள்ல மனுஷங்களை விலைக்கு வாங்கி பத்தாவியாவுக்கு, அதாவது இப்போதைய ஜகார்த்தாவுக்குக் கப்பல் ஏத்தினாங்க. அரிசி விலை ஏறினா மனுஷன் விலை இறங்கும், அவ்வளவுதான் கணக்கு. அவங்களுக்கு ஏது கல்லறை, ஏது பேர்? எங்க ஊர்க்காரங்க யார் யார் அந்தக் கப்பல்ல போனாங்களோ, எந்தக் கல்லுலயும் எழுதி வைக்கல.

கால்வாய்க்கு வரேன். 1806 வாக்குல மெட்ராஸ்லேருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டினது முதல் பகுதி. காக்ரேன் கால்வாய்னு பேர். அப்புறம் வடக்கே நீண்டுக்கிட்டே போச்சு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல, கூலிக்கு வந்த பஞ்சப்பட்ட ஜனங்களை வச்சு மெட்ராசுக்குள்ள கூவத்தையும் அடையாறையும் இணைச்சு வெட்டினாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேரை 1878-ல வச்சாங்க. இப்போ நகரத்துல பறக்கும் ரயில் தூண் நிக்குதே, அதே கால்வாய்தான். எங்க தாத்தா காலத்துல இது சாக்கடை கிடையாது, நெடுஞ்சாலை. விறகு, உப்பு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் எல்லாம் படகுல போகும். பழைய மெட்ராஸ் வீடுகளோட சுவர்ல பூசின சுண்ணாம்புல கொஞ்சம் பழவேற்காடு ஏரிக் கிளிஞ்சலும் இருக்கும். ஆக, எங்க ஊர் கொஞ்சம் கொஞ்சமா உங்க ஊருக்கு வீடு மாறினதும் ஒரு வரலாறுதான்.

விறகுன்னு சொன்னேன்ல, அது சவுக்கு. சவுக்கு நம்ம மரம் மாதிரியே ஆயிடுச்சு, ஆனா இந்த மணல்ல அதுவும் குடி வந்ததுதான். மெட்ராசுக்கு அடுப்பெரிக்கவும் ரயில் எஞ்சினுக்கும் விறகு வேணும்னு 19-ஆம் நூற்றாண்டுல கடலோர மணல் முழுக்க நட்டாங்க. நாலஞ்சு வருஷத்துல வெட்டுக்கு வந்துடும். இப்போ விறகுக்குப் போறது கம்மி, கட்டடத்துக்குச் சாரம் கட்டவும் முட்டுக் கொடுக்கவும் போகுது. உங்க அபார்ட்மெண்ட் எழும்பும்போது சுத்தி நின்ன கம்பு எங்க பக்கத்து மணல்ல நின்னதா இருக்கலாம்.

அத்தை வீட்டு அடுப்புல சவுக்குச் சருகுதான் எரியும். காலையில தோப்புல போய் வாரிக் குவிச்சுக் கூடையில கொண்டு வருவாங்க. அந்த நெருப்புல கொதிச்ச மடவை மீன் குழம்பை நான் வேற எங்கயும் சாப்பிட்டதில்ல. மாங்காய் ரெண்டு துண்டு, அவ்வளவுதான், மசாலா பெருசா ஒண்ணும் இருக்காது. மீன் அப்படி. அது ஆத்துத் தண்ணியும் கடல் தண்ணியும் கலக்குற இடத்துல வளர்ற மீன். இறாலும் பச்சை நண்டும் அதே மாதிரி. கழிமுகத்துல இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணியில உட்கார்ந்து, சேத்தைத் தடவித் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பாங்க. பனை ஓலையில பின்னின பறியைப் பல்லுல கவ்விக்கிட்டு, பிடிச்ச இறாலை அதுலயே போட்டுக்குவாங்க. வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணி நல்லா இருந்தாத்தான் இது நடக்கும். 2017 ஜனவரியில காமராஜர் துறைமுகத்துக்கு வெளிய ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்பவும், 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படிஞ்சப்பவும் டிவியில படகையும் பெலிக்கனையும் காட்டினாங்க. பல்லுல பறியைக் கவ்வுற அந்த வாய் என்ன ஆச்சுன்னு யாரும் காட்டல.

அந்தக் காலத்துல தீவுல வீடு மாறுறது ஒண்ணும் பெரிய விஷயம் இல்ல. பனை ஓலைக் கூரை, சவுக்குக் கம்பு, மண் சுவர். கடல் அரிச்சுக்கிட்டு வந்தா கம்பைப் பிடுங்கி, ஓலையைச் சுருட்டி நாலு தென்னை தூரம் உள்ள தள்ளி நட்டுக்குவாங்க. ஊர் பேர் மாறாது, கோயில் மாறாது, மீன் பிடிக்கிற உரிமை மாறாது. இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் விளக்கணும்.

பழவேற்காடு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை இருக்கு. ஏரியில நல்லா இறால் ஓடுற இடங்கள் இன்னின்னதுன்னு தெரியும். எல்லாரும் ஒரே இடத்துல வலை போட்டா சண்டை வரும், மீனும் அழியும். அதனால எந்தக் குப்பம், எந்த ஆள், எந்த நாள், எந்த இடம்னு முறை வச்சுச் சீட்டுக் குலுக்கிப் போட்டுப் பிரிச்சுக்குவாங்க. பரம்பரை பரம்பரையா வர்ற ஏற்பாடு. நியாயமான ஏற்பாடுன்னு முழுசா சொல்லிட முடியாது, பாடு இல்லாத சாதிக்காரங்களும் வந்தேறிகளும் ஓரத்துலதான் நிக்கணும். ஆனா கவனிங்க, இதுக்குப் பட்டா கிடையாது, பத்திரம் கிடையாது. என் நிலத்தை எடுத்தா சர்வே நம்பரைப் பார்த்துக் காசு போடுவாங்க. ஒருத்தரோட பாட்டை எடுத்தா எந்த நம்பரைப் பார்க்கிறது? வருவாய்த்துறைக் கணக்குல தண்ணியும் மணலும் புறம்போக்கு. நகரத்துல அது வசவுச் சொல்லாவே ஆயிடுச்சு. எண்ணூர் கழிமுகத்துல நின்னு டி.எம்.கிருஷ்ணா 2017-ல 'சென்னை புறம்போக்குப் பாடல்' பாடினப்போதான் பல பேருக்கு அந்தச் சொல்லுக்கு வேற அர்த்தமும் இருக்குன்னு தெரிஞ்சுது.

பாடு இருக்கிற ஏரிக்குக் கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. 1969-ல ராக்கெட் ஏவுதளத்துக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தாங்க, 1971-ல முதல் ராக்கெட் போச்சு. அங்க இருந்த மீனவர்களும் யானாதிகளும் விவசாயிகளும் தீவை விட்டு வெளிய வந்தாங்க. நாட்டுக்கே பெருமை, எனக்கும் பெருமைதான், ராக்கெட் போறப்ப மாடியில ஏறி நின்னு பார்க்கிற ஆள்தான் நானும். அன்னைக்குக் கடலுக்குப் போகக்கூடாதுன்னு மீனவங்களுக்கு உத்தரவு வரும், அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

இப்போ சினிமாவுக்கு வரலாம். 2001-ல அஜித் நடிச்ச 'சிட்டிசன்' வந்துச்சு. மேப்லயே இல்லாமப் போன அத்திப்பட்டிங்கிற மீனவ கிராமத்தோட கதை. சரவண சுப்பையா இயக்கினது. படம் பார்த்துட்டு வந்தவங்க இன்னும் எது காணாமப் போனாலும் "அத்திப்பட்டி மாதிரி"ன்னு சொல்றாங்க. எங்களுக்கு அது கொஞ்சம் வேற மாதிரி கேட்கும். ஏன்னா, எண்ணூர் தாண்டி கும்மிடிப்பூண்டி ரயில்ல வந்தா அடுத்தடுத்து அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டுன்னு ரெண்டு ஸ்டேஷன் வரும். படத்துல வர்றது கற்பனை ஊர், இது நிஜ ஊர், ஒரு எழுத்துதான் வித்தியாசம். அதே 2001 பிப்ரவரியில எண்ணூர் துறைமுகம் திறந்தாங்க. வடசென்னை அனல்மின் நிலையம் அதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சாச்சு. படத்துல ஊரை ஒரே ராத்திரியில அழிப்பாங்க. நிஜத்துல யாரும் அப்படிப் பண்றதில்ல. ஒரு ரோடு, ஒரு வேலி, ஒரு சாம்பல் குட்டை, ஒரு தூர்வாரல். முப்பது வருஷம் ஆகும். படமா எடுத்தா யாரும் உட்கார்ந்து பார்க்க மாட்டாங்க.

காட்டுப்பள்ளியில கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தப்போ காட்டுப்பள்ளிக் குப்பமே இடம் மாறுச்சு. 2013-ல துறைமுகம் ஓட ஆரம்பிச்சுது, 2018-ல கை மாறுச்சு. அப்புறம் 330 ஏக்கர் துறைமுகத்தை 6,110 ஏக்கரா விரிக்கிற திட்டம் வந்துச்சு. அதுல கிட்டத்தட்ட 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உண்டாக்குறது. 2021 ஜனவரியில கருத்துக்கேட்புக் கூட்டம்னாங்க, தள்ளிப் போச்சு. 2023 செப்டம்பர்ல மறுபடி நாள் குறிச்சாங்க, அதுவும் தள்ளிப் போச்சு. வேலை வேணும்னு சொல்ற பசங்களும் எங்க ஊர்ப் பசங்கதான், வேண்டாம்னு சொல்ற பெரியவங்களும் எங்க ஊர்ப் பெரியவங்கதான். கல்யாணப் பந்தியில ரெண்டு பேரும் பக்கத்துல உட்கார்ந்தா பேச்சு வேற பக்கம் போயிடும்.

நான் விவசாயி. எனக்கு இதுல இன்னொரு கணக்கு இருக்கு. வீடு மாறினதுல கடலும் ஒண்ணு.

மணல் திட்டு மேல பெய்யுற மழைத்தண்ணி கீழ இறங்கி, உப்புத்தண்ணி மேல மிதந்துக்கிட்டு நிக்கும். நல்ல தண்ணி லேசு, உப்புத்தண்ணி கனம். கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழ கிட்டத்தட்ட நாப்பது அடிக்கு நல்ல தண்ணி இருக்கும்னு ஒரு கணக்கு. அதனாலதான் கடலுக்குக் கூப்பிடு தூரத்துல அத்தை கையால ஊத்துத் தோண்டி இனிப்பான தண்ணி எடுத்தாங்க. அதுலதான் வேர்க்கடலையும் தர்பூசணியும் விளைஞ்சுது. இதே கணக்கைத் திருப்பிப் பாருங்க: மேல ஒரு அடி குறைஞ்சா கீழே நாப்பது அடி உப்பு ஏறி வரும். 1960-கள் கடைசியில மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கம் பெரிய குழாய்க் கிணறுங்க போட்டுத் தண்ணி எடுக்க ஆரம்பிச்சாங்க. நகரத்துக்கு, தொழிற்சாலைக்கு, விவசாயிகளும் அவங்கவங்க பங்குக்கு. 1969-ல கடலோரத்துலேருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் இருந்த உப்பு, 1987-ல 9 கிலோமீட்டருக்கு வந்துடுச்சுன்னு நிலத்தடி நீர் ஆய்வுகள் சொல்லுது. வருஷத்துக்கு முன்னூறு மீட்டர்னு வச்சுக்குங்க. சத்தம் போடாம, லாரி இல்லாம, அட்வான்ஸ் கொடுக்காம வந்து குடியேறின வாடகைக்காரன் அது. காலி பண்ணவும் மாட்டேங்குது.

2010-ல காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை வந்துச்சு. நாளைக்கு 10 கோடி லிட்டர், சென்னைக்கு. உப்பை எடுத்த தண்ணி குழாய்ல தெற்கே போகுது, உப்பு ஏறின தண்ணி மண்ணுக்குள்ள மேற்கே வருது. ரெண்டுக்கும் நடுவுல என் நிலம்.

பொழுதுபோக்கு என்னன்னு கேட்கிறவங்களுக்கு: டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில ஏரிப் பக்கம் போய்ப் பூநாரை பார்க்கிறது. சிலிக்கா ஏரிக்கு அடுத்து இந்தியாவுலேயே பெரிய உப்புநீர் ஏரி இதுதான். பூநாரைங்க கட்ச் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு இங்க வந்து தங்கிச் சாப்பிட்டுப் போகும்ங்க. பைனாகுலர் எல்லாம் என்கிட்ட இல்ல, கரையில உட்கார்ந்தாலே தூரத்துல ரோஸ் கலர் கோடு தெரியும். வர்றவங்க விடிகாலையில வாங்க, ட்ரோன் விடாதீங்க, கலைஞ்சுடும்.

இந்த வருஷம் சம்பாவுக்கு எங்க அப்பா போட்ட ரகம் எதையும் போடல. களர் உவர் தாங்கும்னு திருச்சி வேளாண் கல்லூரியில உருவாக்கின திருச்சி 3 வாங்கி நாத்து விட்டிருக்கேன். நாள் 135. இருபது நாள் ஆச்சு, நுனி கருகல. அத்தை வந்து பார்த்துட்டு, வாய்க்கால் தண்ணியை ஒரு கை அள்ளி வாயில வச்சுப் பார்த்தாங்க. "இன்னும் கொஞ்ச நாள் ஆகட்டும், பார்க்கலாம்"னு சொல்லிட்டுப் போயிருக்காங்க.